முன்னோரின் விசுவாசத்தைப் பின்பற்றுவது எப்படி? காவிரி டெல்டா கிறிஸ்தவக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இயேசுவை நோக்கிப் பார்த்தால் போதாதா? இறந்துபோன மனிதரை ஏன் பார்க்க வேண்டும்?

எபிரெயர் 13:7ஐ எடுத்துப் படியுங்கள். வசனத்தைப் போதித்து நடத்தினவர்களை நினைக்கச் சொல்கிறது, அவர்களுடைய நடக்கை எப்படி முடிந்தது என்று சிந்திக்கச் சொல்கிறது, அவர்களுடைய விசுவாசத்தைப் பின்பற்றச் சொல்கிறது. அதற்கு அடுத்த வசனம்தான் இயேசு கிறிஸ்து நேற்றும் இன்றும் என்றும் மாறாதவர் என்பது. முன்னோரைப் பஞ்சத்திலும் போரிலும் தாங்கினவர் இன்றைக்கும் அவரே என்பதால்தான் அவர்கள் வாழ்க்கை நமக்கு உதவுகிறது.

பின்பற்றச் சொன்னது விசுவாசத்தை. அவர்களுடைய உடை, பேச்சு, அந்தக் காலத்து அபிப்பிராயங்கள் இதில் சேராது. இந்த வேறுபாடு கைவிட்டுப் போனால் பிறகு எல்லாமே கோணலாகும்.

புனிதர்களிடம் பரிந்துரை வேண்டுவதில் கத்தோலிக்கருக்கும் மற்றச் சபையாருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஒருவருடைய வாழ்க்கையைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் அந்த வேறுபாடு குறுக்கே வராது.

டெல்டாவில் யாரிடமிருந்து தொடங்கலாம்?

பெரிய பெயர்களே இங்கு நிறைய உண்டு. 1706 ஜூலையில், அப்போது டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். தினமும் காலை 7 முதல் 8 வரை முன்பு படித்த சொற்களைத் திரும்பச் சொல்வது, 8 முதல் 12 வரை வயதான புலவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு தமிழ் நூல்களைப் படிப்பது என்று ஒழுங்கு வைத்திருந்தார். புதிய ஏற்பாடு தமிழில் 1715இல் அச்சேறியது இந்த ஒழுங்கினால்தான். நடுவில் டேனிஷ் அதிகாரிகள் அவரைச் சில மாதங்கள் கோட்டையில் அடைத்தும் வைத்தார்கள்.

மிஷனரிகளோடு நிறுத்திவிடுவது பரவலாக நடக்கும் தவறு. கிராமச் சபைகளைக் கட்டியவர்கள் உபதேசிமார், அதாவது குருப்பட்டம் இல்லாமல் வேதம் போதித்த உள்ளூர் ஊழியர்கள். கடலூரைச் சேர்ந்த ஆறுமுகம், ஆரோன் என்று ஞானஸ்நானம் பெற்று, 1733 டிசம்பர் 28இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியப் புரொட்டஸ்டன்ட் சபைகளில் அவர்தான் முதல் இந்தியப் போதகர். தஞ்சாவூர்ப் படையில் சேவகராயிருந்த ராஜநாயக்கன், தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் படித்தே புரொட்டஸ்டன்ட் சபைக்கு வந்தார். எதிர்ப்புக்கும் அடிக்கும் நடுவே பல ஆண்டுகள் உபதேசியாராக உழைத்தார். தஞ்சாவூரில் உழைத்த ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் உருவான சத்தியநாதன், தஞ்சாவூரிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போய்ச் சபையை நடத்தினார். 1778இல் அங்கே ஸ்வார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா, தஞ்சாவூர்ப் பிராமணக் குடும்பத்துக் கைம்பெண். திருநெல்வேலிச் சபை வரலாற்றில் முதல் பக்கம் அவருடையது.

கத்தோலிக்கக் குடும்பத்தார் கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் உழைத்த வீரமாமுனிவரிடமிருந்து தொடங்கலாம். மாயவரத்தில் முன்சீப்பாக (உரிமையியல் நீதிபதியாக) இருந்த வேதநாயகம் பிள்ளையும் கத்தோலிக்கரே. 1876-78 பஞ்சத்தில் அவர் செய்த உதவியைப் பார்த்து, கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் பாட்டே பாடினார். இலக்கியக்காரர் என்று மட்டும் அவரை அறிந்திருப்பவர்கள், நீதிமன்றத் தீர்ப்புகளைப் பாமரரும் படிக்கும்படி தமிழில் தொகுத்துக் கொடுத்த அலுவலராகவும் அவரைப் பார்க்க வேண்டும். அரசு வேலையில் இருக்கும் விசுவாசிக்கு இவரைவிட நல்ல ஆள் கிடைப்பது கடினம்.

ஒரு சமயத்தில் ஒருவரை மட்டும் எடுங்கள். உங்கள் தொழிலுக்கோ உங்கள் நெருக்கடிக்கோ பக்கத்தில் இருப்பவராகப் பார்த்து எடுங்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு என்ன செய்வது? வாழ்க்கை வரலாற்றைப் படித்தால் போதுமா?

போதாது. நான்கு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் படிக்க. படிக்கும்போது ஒரு முழுத்தாளை மூன்று பத்தியாகப் பிரித்து, அவர் செய்தது, அப்போது இருந்த நெருக்கடி, என்ன நம்பிச் செய்தார் என்று எழுதுங்கள். ‘பக்திமான்’, ‘ஜெபவீரர்’, ‘தியாகச் செம்மல்’ போன்ற அடைமொழி ஒன்றும் அந்தத் தாளில் வரக்கூடாது. வினைச்சொல் மட்டும் வரட்டும்: கொடுத்தார், நடந்தார், மறுத்தார், எழுதினார். அடைமொழியைப் பார்த்து யாரும் எதையும் செய்ய முடியாது.

இரண்டாம் வாரம் அந்தத் தாளிலிருந்து ஒரே ஒரு செயலை எடுத்து இன்றைய வாழ்க்கைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்வார்ட்ஸ் ஐயரையே எடுத்துக்கொள்வோம். 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியுடன் நடந்த போரில் தஞ்சாவூர்ச் சீமை பாழாகிக் கிடந்தது. கோட்டைக்குள் பட்டினி. சுற்றுவட்டக் கிராமத்தார் நெல்லும் மாடும் தர மறுத்தார்கள், ஏனென்றால் முன்பு கொடுத்ததற்குப் பணம் வரவில்லை. ராஜாவின் வாக்கை நம்பாதவர்கள், பணத்துக்கு நான் பொறுப்பு என்று ஸ்வார்ட்ஸ் சொன்னதும் நெல்லைக் கொண்டுவந்தார்கள். அவரும் சொன்னபடி பணத்தைக் கொடுத்தார்.

இதை வெறுமனே ‘நேர்மை’ என்று எழுதி வைத்தால் ஞாயிற்றுக்கிழமையோடு மறந்துபோகும். நிலம் வைத்திருப்பவர் இப்படி எழுதட்டும்: இந்தச் சம்பாவில் நடவுக்கூலி, களையெடுப்புக் கூலி, அறுப்புக் கூலி எதையும் மறுநாளுக்கு வைப்பதில்லை, வேலை முடிந்து ஆட்கள் கரையேறும்போது வரப்பிலேயே எண்ணிக் கொடுப்பது. கொள்முதல் நிலையத்தில் பணம் வரத் தாமதமாகும் என்பதால், அறுப்புக் கூலிக்கான தொகையை அறுப்புக்கு முன்பே தனியாக எடுத்து வைக்க வேண்டியிருக்கும். அந்த ஏற்பாடும் பின்பற்றுதலில் சேர்ந்ததுதான். கடை வைத்திருப்பவருக்கும் ஆசிரியருக்கும் இதே வாக்குத் தவறாமை வேறு உருவத்தில் வரும்.

மூன்றாம், நான்காம் வாரம் செய்து பார்ப்பதற்கு. முடிவில் அதே தாளின் பின்பக்கம், எது நடந்தது, எது தடைபட்டது, ஏன் என்று எழுதுங்கள்.

ஆரம்பித்த ஆர்வம் பத்து நாளில் ஏன் வடிந்துபோகிறது?

பெரும்பாலும் செயலைப் பெரிதாக எடுத்ததால். சீகன்பால்கு நான்கு மணி நேரம் படித்தார் என்று நாமும் நான்கு மணி நேரத்தில் தொடங்கினால் மூன்றாம் நாள் விட்டுவிடுவோம். இருபது நிமிடம் போதும், நேரம் மாறாமல் இருந்தால் சரி. இன்னொரு காரணம், அற்புதங்களை மட்டும் படிப்பது. அற்புதம் நம் கையில் இல்லை. அவர்களுடைய அன்றாட ஒழுங்கு நம் கையில் இருக்கிறது. மூன்றாவது, தனியாகச் செய்வது. வீட்டில் ஒருவர், அன்பியத்திலோ (பங்கின் சிறு ஜெபக் குழு) வாலிபர் சங்கத்திலோ ஒருவர், வாரம் ஒருமுறை கேட்பதற்கு இருக்க வேண்டும்.

நினைவுநாளுக்கு ஃபிளெக்ஸ் வைத்து மாலை போட்டு முடித்துவிடும் சபையில் இந்த ஆர்வம் தொடங்குவதே இல்லை.

பெரிய பெயர்கள் வேண்டாம். எங்கள் ஊர்ச் சபையின் பழைய விசுவாசிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் நல்ல வழி என்பது எங்கள் உறுதியான எண்ணம். உங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் எடுத்தவர், உங்கள் வெயிலில் நடந்தவர் காட்டும் ஊக்கம் நேராக வந்து சேரும்.

முதலில் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ எழுத்தில் அனுமதி கேட்டு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று ரெஜிஸ்டர்களையும் பாருங்கள். அடக்க ரெஜிஸ்டரிலிருந்து தொடங்கினால் வேலை சுலபம். அதில் வயது இருக்கும், அதைக் கழித்தால் பிறந்த ஆண்டு உத்தேசமாகக் கிடைக்கும். பிறகு ஞானஸ்நான ரெஜிஸ்டரில் அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்து வருடம் தேடுங்கள். பெரியவர்களாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் பழைய பெயரும் புதிய பெயரும் எழுதப்பட்டிருக்கலாம். அதே ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் பல குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரசங்கம் செய்யாமல், பதவியில் இல்லாமல், சபையைத் தாங்கிய ஆள் அங்கேதான் அகப்படுவார். பெண்கள் பெயர் வேறு எங்கும் இல்லாவிட்டாலும் ரெஜிஸ்டரின் இந்த ஞானப்பெற்றோர் பத்தியில் இருக்கும்.

மழைக்காலத்தில் ரெஜிஸ்டரைப் பிரிக்காதீர்கள், ஈரத்தில் தாள்கள் ஒட்டிக் கிழியும். எச்சில் தொட்டுப் புரட்டக்கூடாது, கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டக்கூடாது, ஏனென்றால் அதன் பசை சில ஆண்டுகளில் பழுத்து எழுத்தையும் தின்றுவிடும். ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். முடிந்ததும் காடாத்துணியில் சுற்றி, வெள்ளம் புகாத உயரத்தில் இரும்பு பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். சாதி, தகப்பன் பெயர் இல்லாமை போன்ற விவரங்களை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அந்தக் குடும்பத்தார் இன்றும் ஊரில் இருக்கிறார்கள்.

பழைய தமிழ் எழுத்தும் தேதியும் புரியவில்லை. என்ன செய்வது?

கொஞ்சம் பழகினால் புரியும். பழைய கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எ, ஏ இரண்டும் ஒன்றுபோலிருக்கும், ஒ, ஓவும் அப்படியே. இந்த வேறுபாட்டைக் காட்டும் இரட்டைச் சுழிக் கொம்பை ஏற்படுத்தியவர் என்று போற்றப்படுபவர் வீரமாமுனிவர். என்றாலும் அவருக்குப் பின்னும் நெடுங்காலம் எல்லோரும் அதைக் கைக்கொள்ளவில்லை. காலும் ‘ர’வும் ஒரே வடிவில் வரும். ‘னை’, ‘லை’, ‘றா’, ‘ணா’ போன்றவை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னிருந்த வடிவில் இருக்கும். வீட்டுப் பழைய ஞானப்பாட்டுப் புத்தகத்தையோ பழைய பைபிளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இரண்டு மூன்று உட்காரலில் கண் பழகிவிடும்.

எண்களில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௮௱௭௰௭ என்றால் 1877. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி.

‘தாது வருஷம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கவனம் தேவை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். பெரும் பஞ்சத்துத் தாது 1876-77, அடுத்தது 1936-37. மேலும், தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால் அதே தாதுவின் மாசி மாதம் 1877இல் விழும். 18ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. டேனிஷ்காரர் 1700இலேயே இன்று நாம் பயன்படுத்தும் புதிய (கிரெகோரியன்) காலண்டருக்கு மாறிவிட்டார்கள், ஆங்கிலேயர் 1752 செப்டம்பரில்தான் மாறினார்கள். அதற்கு முன் ஒரே நாள் தரங்கம்பாடிப் பதிவிலும் கடலூர் ஆங்கிலேயர் பதிவிலும் 11 நாள் வித்தியாசத்தில் இருக்கும். இரண்டுமே சரிதான்.

கல்லறை எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது. சுண்ணாம்பு அடித்துப் படிக்கலாமா?

வேண்டாம். ஆசிட், பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ், பெயின்ட் எதுவும் வேண்டாம். காலை எட்டு மணிக்குள்ளோ மாலை நாலரைக்குப் பிறகோ போங்கள். சாய்ந்த வெயிலில் உச்சிவெயிலில் தெரியாத எழுத்து நிழல் விழுந்து எழும்பும். நிழலான இடமென்றால் ஒருவர் முகம்பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பட்டும், அல்லது டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். தூசியை மென்மையான பிரஷாலும் வெறும் தண்ணீராலும் எடுத்தால் போதும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன் சிமென்ட் பூசிப் புதுப்பிக்கிற வழக்கம் நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் பழைய கல்லறையைக் கெடுத்துவிடும். அவை சுண்ணாம்புக் காரையால் கட்டியவை, உள்ளே ஏறும் ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அந்த ஈரத்தை அடைத்துவிடும். கடலோர உப்பு உள்ளேயே படிகமாகி, பூச்சோடு சேர்த்துப் பழைய காரையையும் எழுத்தையும் பெயர்த்துத் தள்ளும். பழுது பார்ப்பதாக இருந்தால் சுண்ணாம்புக் காரையே பூச வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் “எல்லாம் ஆண்டவர் கிருபை” என்று முடித்துவிடுகிறார்கள்.

கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் அப்படித்தான் வரும். “ஆத்தா, தாத்தா எப்படிப்பட்ட விசுவாசி?” என்று கேட்காமல், “ஆத்தா, தாத்தா விளக்கு வைக்கிற நேரத்துல எந்தப் பாட்டுப் பாடுவாங்க? கோயில்ல எந்த இடத்துல உக்காருவாங்க? புயல் அன்னைக்கு ராத்திரி என்ன ஜெபம் பண்ணுனாங்க?” என்று கேளுங்கள்.

ஆண்டு நினைவில்லாவிட்டால் ஊர் அறிந்த நிகழ்ச்சிகளோடு பொருத்துங்கள்: 1952 நவம்பர் புயல், 1977 நவம்பர் புயல், 2004 சுனாமி, 2018 கஜா. அவர்களுடைய பெற்றோர் சொன்னதென்றால் 1924 வெள்ளம், 1934இல் மேட்டூர் அணை திறந்தது. அதற்கு முன்னா பின்னா, அப்போது யார் கைக்குழந்தை என்று கேட்டால் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசத்துக்குள் வந்துவிடும்.

ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்த பிறகு நல்ல நேரம். போனைப் பதிவில் போட்டுவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தால் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. பழைய பெட்டியில் பினாங்கிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்த கடிதம், பைபிளின் முதல் தாளில் எழுதிய பிறப்பு இறப்புக் குறிப்பு, காணிக்கை உறை ஏதாவது இருக்கிறதா என்று அன்றே கேளுங்கள். ஒரு பொருள் கையில் வந்தால் பேச்சு தானாக வரும்.

சபையில் சொல்லப்படும் கதைகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

மூன்று வகையாகப் பிரித்து எழுதுங்கள்: அந்தக் காலத்து ஆவணம் உள்ளது, நேரில் பார்த்தவர் சொன்னது, வழிவழியாகச் சொல்லப்படுவது. மூன்றாவது வகையைத் தள்ள வேண்டியதில்லை, அப்படித்தான் என்று குறித்துவிட்டுச் சொல்லலாம். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா அருகிலுள்ள ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தில், மரணப்படுக்கையில் இருக்கும் ஸ்வார்ட்ஸின் கையை சரபோஜி மன்னர் பிடித்திருக்கும் பளிங்குச் சிற்பம் இருக்கிறது. அதைச் செதுக்கிய ஃபிளாக்ஸ்மன் இங்கிலாந்துச் சிற்பி, இந்தியாவுக்கு வந்ததே இல்லை. மன்னருக்கு அவர்மேல் இருந்த அன்புக்குச் சிற்பம் உறுதியான சாட்சி. அறையில் யார் எங்கே நின்றார்கள் என்பதற்கு அது சாட்சியாகாது.

நிரூபிக்க முடியாததைப் பிள்ளைகளிடம் நடந்ததாகவே சொல்லி, அவர்கள் வளர்ந்து அது தவறென்று கண்டால், அதோடு சேர்த்து மற்றவற்றையும் விட்டுவிடுவார்கள். இந்த ஆபத்து சிறியதல்ல.

அவர்கள் சாதி பார்த்தார்களே? அதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ராஜநாயக்கன் பறையர் சமூகத்தவர். 1741இல் இரண்டாவது இந்தியப் போதகரைத் தேர்ந்தெடுத்தபோது, அத்தனை வருட உழைப்பு இருந்தும் அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மற்றச் சாதி விசுவாசிகள் மறுப்பார்கள் என்ற அச்சத்துக்குச் சபை பணிந்தது. கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள் இல்லாமல் இன்றும் தமிழ்ச் சபைகளின் ஆராதனை நிறைவதில்லை. அதே சாஸ்திரியார், சாதி வேறுபாட்டைச் சபையில் விடச் சொன்ன புதிய மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை அறவே விட வேண்டும் என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

“அந்தக் காலம் அப்படி” என்று ஒரே வரியில் மூடிவிடுவது எங்களுக்குச் சம்மதமில்லை. அதே காலத்தில் அதே சபையில் அது தவறென்று அறிந்தவர்கள் இருந்தார்கள், அதன் வலியைச் சுமந்தவர்களும் இருந்தார்கள். பிள்ளைகளிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்: சாஸ்திரியாரின் பாட்டைப் பாடுங்கள், அதே வாரம் ராஜநாயக்கனின் வாழ்க்கையையும் சொல்லுங்கள். பிறகு உங்கள் சபையின் தனிக் கல்லறைப் பகுதி, அசன (சபை விருந்து) வரிசை, கமிட்டித் தேர்தல் ஆகியவற்றை நேராகப் பாருங்கள். முன்னோரின் தவறை அறிந்ததற்குப் பயன் அதுதான்.

எங்கள் சபை தொடங்கி முப்பது ஆண்டுதான். எங்களுக்கு முன்னோர் யார்?

உங்கள் குடும்பத்தில் முதலில் விசுவாசத்துக்கு வந்தவர். அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளும் வாய்ப்பு உங்களுக்கு உண்டு, பழைய சபைகளுக்கு அது போய்விட்டது. முதல் கூடுகை யார் வீட்டுத் திண்ணையில், எத்தனை பேர், யார் பாய் விரித்தது, வேலை போனதா, சொந்தம் பேசாமல் போனதா என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். தரங்கம்பாடியின் வரலாறும் தமிழ் வேதாகமம் படிக்கும் எல்லோருக்கும் பொதுவானது.

குடும்ப ஜெபத்தில் இதை எப்படிச் சேர்ப்பது?

வாரத்தில் ஒரு நாள் போதும். வேதவாசிப்புக்குப் பிறகு ஒரே ஒரு நிகழ்ச்சி, ஐந்து நிமிடத்துக்குள். வேதபாகத்தை முதலில் வாசித்து, பிறகே மனிதரைச் சொல்லுங்கள். மாற்றிச் செய்தால் நாளடைவில் வசனம் கதைக்கு வால் ஆகிவிடும். சொல்லி முடித்ததும் “நம்ம வீட்டுல இத எப்படிச் செய்யலாம்?” என்று பிள்ளைகளையே கேளுங்கள். அவர்கள் சொல்வது சிறியதாக இருந்தாலும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் பயணமாகப் போக என்ன திட்டம்?

தரங்கம்பாடிக்குக் காலை ஏழரைக்குள் சேருங்கள். 1701இல் கட்டிய சீயோன் ஆலயம், 1718இல் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயம், அதனுள்ளே சீகன்பால்குவின் கல்லறை, பிறகு டேன்ஸ்போர்க் கோட்டை. எல்லாம் நடை தூரம்தான். ஆலயம் பூட்டியிருந்தால் ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையைக் கேட்டால் திறப்பார், ஆராதனை நேரத்தில் மட்டும் போகாதீர்கள். தஞ்சாவூரை அதே நாளில் சேர்த்தால் இரண்டும் கெடும், சாலை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். தஞ்சாவூருக்குத் தனி நாள் வைத்து, ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தையும் அவர் அடக்கமாகியுள்ள தூய பேதுரு ஆலயத்தையும் பாருங்கள். சரபோஜி எழுதிய வரிகள் அந்தக் கல்லறைக் கல்லில் இருக்கின்றன.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா என்பதால் கடலோரச் சாலையில் பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடு வரை வெயிலும் தாங்கும், கல்லறை எழுத்தைப் படிக்க வெளிச்சமும் நன்றாக இருக்கும்.